டாக்டர் வீட்டு மாத்திரை

அருந்ததி டாக்டர் என்பதில், ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் சாலைப் பக்கத்து அந்தச் சந்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வாசல் தூணில் பித்தளைப் பெயர்ப்பலகை இருந்தது. அம்மா யோகம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புளி போட்டுத் துலக்கினாள். சந்தேகமெல்லாம் அவள் எதற்கு டாக்டர் என்பதில்தான். நாடி பிடிக்க மாட்டாள், ஊசி போட மாட்டாள், மருந்துச் சீட்டு எழுத மாட்டாள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே நோயாளிகளின் சீழையும் சளியையும் தட்டுகளில் வளர்த்து, இது இன்ன கிருமி, இன்ன மருந்துக்குச் சாகும் என்று மற்ற டாக்டர்களுக்குச் சொல்வது அவள் வேலை.

அடுத்த வீட்டுப் பழனியப்பனுக்கு இது தீராத வேடிக்கை. கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தகரப் பட்டறையில் வேலை செய்தார். காலையில் ஃபெரிக்குப் போகும்போது அவளைக் கண்டால், “என்னங்க டாக்டரம்மா, உங்க பிள்ளைங்க எல்லாம் சாப்பிட்டாச்சா?” என்று கேட்பார். சாப்பிட்டுத் தூங்குகின்றன என்பாள் அவள்.

எண்பத்தேழாம் வருஷம் அந்தப் பிள்ளைகளில் ஒன்று அடங்காமல் போயிற்று.

கிருமியைத் தட்டில் பரப்பி, அதன்மேல் மருந்தில் தோய்த்த காகித வில்லைகளை வைப்பார்கள். மறுநாள் பார்த்தால், வேலை செய்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வட்டம் விழுந்திருக்கும். ஆறாத புண், கட்டி என்று வெளியிலிருந்து வந்தவர்களின் தட்டுகள் சிலவற்றில் வட்டமே விழவில்லை. வில்லையின் ஓரம்வரை கிருமி பாய் விரித்துப் படுத்திருந்தது. ஒரே ஒரு மருந்துக்கு மட்டும், போனால் போகிறதென்று, சின்னதாக ஒரு வட்டம். அருந்ததிக்குத் தன் கையிலேயே நம்பிக்கை இல்லாத சுபாவம். வில்லை பழசோ, தன் கணக்குத்தான் பிசகோ என்று எல்லாவற்றையும் மாற்றி மறுபடி செய்தாள். கிருமி தன் பிடியை விடவில்லை.

உதவியாளர் நோர்மா, சுவரில் மாட்டியிருந்த ஜார்ஜ்டவுன் வரைபடத்தில் நோயாளிகளின் வீடுகளுக்குக் குண்டூசி குத்தினாள். ஊசிகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றன. டாக்டர் வீட்டுப் பக்கம்தான் இது என்று நோர்மா மலாயில் சொன்னாள். நல்லதாய்ப் போயிற்று, நடந்தே போய் விசாரித்துவிடலாம் என்றாள் அருந்ததி.

விசாரணையை அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். கண்ட கண்ட மருந்தை அரைகுறையாகச் சாப்பிட்டால்தான் கிருமி இப்படித் தேறும். ஆகவே மருந்தை யாரோ சில்லறையாக விற்கிறார்கள். முதலில் கடைகளைச் சந்தேகப்பட்டாள். ஆள் தெரியாதபடி பழைய சேலையில் போய், லிட்டில் இந்தியாவில் கடை கடையாகப் புண்ணுக்கு மாத்திரை கேட்டாள். கிடைத்தது இருமல் மிட்டாய். மார்க்கெட் ஸ்திரீட் கடைக்காரர் ஒருவர், “அதெல்லாம் நாங்க விக்கிறதில்லைலா. உங்க சந்துக்காரங்க யாரும் இங்க கேட்டு வர்றதும் இல்லை” என்றார். எந்தச் சந்து என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை யோசித்துக்கொண்டே வந்தவள், வந்த சேதியை யோசிக்காமல் விட்டாள்.

பிறகு புண் வந்தவர்களையே கேட்டாள். இதற்கு முன் மருந்து சாப்பிட்டீர்களா? சாப்பிட்டோம். யார் கொடுத்தது? டாக்டர். எந்த டாக்டர்? இந்த இடம் வந்ததும் எல்லாரும் ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். தையல்காரி ருக்குமணி எழுந்து போய்க் காப்பி கலக்கிக்கொண்டு வந்தாள்.

பெயர் சொல்லப் பயப்படுகிறார்கள் என்றால் அவன் போலி டாக்டர். இந்த முடிவுக்கு வந்ததும் அருந்ததிக்கே உடம்பு சிலிர்த்தது. துறைத் தலைவருக்கு அவளைவிடச் சிலிர்த்தது. பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் ஓர் ஓட்டலில் நடக்கவிருந்த மருத்துவர்கள் ஆண்டுக் கூட்டத்தில் பேச அவள் பெயரைக் கொடுத்தார். உரிமம் இல்லாத ஓர் ஆள் ஒரு வட்டாரத்தையே எப்படிக் கெடுத்தான் என்பது பேச்சு. பின்கட்டில் இருந்தவளுக்கு முதல் மேடை. குவீன் ஸ்திரீட்டில் அதற்கென்று ஒரு பட்டுச் சேலையும் எடுத்துவிட்டாள். ஆள்தான் அகப்படவில்லை.

இந்த நிலையில் பழனியப்பனை வார்டில் சேர்த்தார்கள். பட்டறையில் தகரம் கிழித்த கால் ஆறாமல், பாதம் பூசணிக்காய் போல் வீங்கியிருந்தது. அந்தச் சீழும் பின்கட்டுக்கு வந்தது, அதே கிருமி. மிச்சமிருந்த ஒரே மருந்தை ஏற்றினார்கள். அதுவும் கேட்காவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்றார் அறுவை டாக்டர்.

அருந்ததி வார்டுக்குப் போனாள். பழனியப்பன் கண்ணை மூடிக் கிடந்தார். பிள்ளைகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனைவி நல்லம்மாள் கட்டிலருகே நின்றாள்.

“அக்கா, இங்க வர்றதுக்கு முன்னாடி மருந்து கொடுத்த டாக்டர் யாரு? பேரைச் சொல்லுங்க. அந்த ஆளைச் சும்மா விடப் போறதில்லை.”

நல்லம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன டாக்டரம்மா, என்னைச் சோதிக்கிறீங்களா? நீங்கதானே கொடுத்தீங்க.”

“நானா?”

“உங்கம்மா உள்ள போயி உங்ககிட்ட கேட்டு எடுத்துட்டு வருவாங்க. நீங்க குளிச்சிக்கிட்டு இருப்பீங்க, இல்ல பூசையில இருப்பீங்க. மஞ்ச மாத்திரையை உடைச்சுத் தூளைப் புண்ணுல தூவச் சொன்னீங்களாம். தூவினோம். சிவப்பைச் சாப்பிடச் சொன்னீங்களாம். வலி விட்டதும் மிச்சத்தை ஒழுங்கா திருப்பிக் கொடுத்துட்டோம். வீணாக்கக் கூடாதுன்னு நீங்க ரொம்பக் கண்டிப்புன்னு அம்மா சொன்னாங்களே.”

ருக்குமணி ஏன் காப்பி கலக்கப் போனாள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. டாக்டரே வந்து எந்த டாக்டர் என்று கேட்டால், பாவம், அவள்தான் என்ன செய்வாள்?

வீட்டில் அந்த மாத்திரைகள் சமையலறை அலுமாரியில், கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவில், ஒரு பழைய மைலோ பானத் தூள் டின்னில் ஒளிவுமறைவே இல்லாமல் இருந்தன. சிவப்பும் கறுப்பும், பச்சையும் வெள்ளையும், மஞ்சளுமாகக் குளிகைகள். பாதி, மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஆய்வுக்கூடத்தில் வைத்துவிட்டுப் போன மாதிரிகள். எறிய மனம் வராமல் அருந்ததிதான் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் அறை அலுமாரிக்கு மேல் போட்டிருந்தாள். மீதி, சந்து முழுக்கச் சுற்றித் திரும்பி வந்த மிச்சம். ஒருவர் நான்கு சாப்பிட்டு, அடுத்தவர் மூன்று சாப்பிட்டு, கிருமிக்கு ஒவ்வொரு மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ருசி காட்டிப் பழக்கியிருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அவள் திட்டம் போட்டு வளர்த்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

யோகம்மா மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய காரியமாக அது அவளுக்குத் தோன்றவுமில்லை.

“உன்ர பேரைக் காப்பாத்தத்தான் பிள்ளை குடுத்தனான். டாக்டர் வீட்டுக்கு வந்த சனம் வெறுங்கையோட போறதே? உங்கட மகள் மருந்து தரமாட்டாவோ எண்டு கேக்கேக்க எனக்கு எப்பிடி இருக்கும்? உன்ர அப்பா ரயில்வேயில குமாஸ்தாவா இருந்து உன்னைப் படிப்பிச்சது, புழுப் பூச்சிக்கு டாக்டராகவே?”

அருந்ததி டின்னை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வலி நின்றாலும் மருந்தை நிறுத்தக் கூடாது, ஒருவர் மருந்தை இன்னொருவர் தொடக் கூடாது, மாத்திரைக்கு இனி எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்னாள். எல்லாரும் பணிவாகத் தலையாட்டினார்கள். டாக்டரே வீடு தேடி வந்தது அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. சிலர் கையோடு தங்கள் வீட்டு மிச்சத்தையும் கொண்டுவந்து டின்னில் போட, போனபோது முக்கால் இருந்த டின் நிறைந்து வந்தது.

கூட்டத்துக்கு இன்னும் சில நாள்தான். போலி டாக்டர் தப்பி ஓடிவிட்டான் என்று சொல்லிவிடலாம். எந்தப் போலீசும் தேடப் போவதில்லை. அம்மா பேரும் கெடாது, மேடையும் போகாது. அந்தப் பேச்சை எழுதியும் வைத்தாள். ஆனால் பழனியப்பன் காலை மேடைவரை தூக்கிக்கொண்டு போய், யாரோ ஒருவன் தலையில் இறக்கி வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

பட்டுச் சேலையில் மேடையேறி, தட்டுகளின் படங்களைக் காட்டினாள். கடைசியில், நான் தேடிய அந்த டாக்டர் நான்தான், மருந்து போனது என் வீட்டிலிருந்து என்று சொல்லி, மைலோ டின்னை மேசைமேல் வைத்தாள். அரங்கத்தில் யாரோ இருமினார்கள். துறைத் தலைவர் கூரையில் இருந்த விளக்குகளை ஆராய்ந்தார். ஒரு கேள்வியும் வரவில்லை.

கேள்விகள் தேநீர் இடைவேளையில் வந்தன. ஈப்போவிலிருந்து வந்த குழந்தை டாக்டர் அவளை ஒரு தூண் மறைவுக்கு அழைத்து, தன் மாமியாரிடம் இதே மாதிரி ஒரு பிஸ்கட் டின் இருப்பதாகக் காதோடு சொன்னார். அவர் நகர்ந்ததும் ஓர் அறுவை டாக்டர் வந்தார். அவர் வீட்டில் ஹார்லிக்ஸ் புட்டி. தூணருகே வரிசை நீண்டது. கடைசியாக வந்தவர் துறைத் தலைவர். அவர் டின்னின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டில் யோகம்மா காத்திருந்தாள். மேடையில் உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டி வந்தது என்று அருந்ததி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“என்ர பேரைச் சொன்னியே?” என்று கேட்டாள் யோகம்மா.

இல்லை, ‘என் அம்மா’ என்றுதான் சொன்னேன் என்றதும் யோகம்மாவுக்கு முகம் வாடிப் போயிற்று.

மிச்சமிருந்த அந்த ஒரு மருந்து கேட்டது. பழனியப்பனுக்கு ஒரு விரல் போய், கால் தப்பியது. அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்து, முழுக்கச் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, யோகம்மா பலகையைத் துலக்கிக்கொண்டிருந்தபோது இருவரும் வந்தார்கள். பழனியப்பன் கோலூன்றி நின்றார். நல்லம்மாள் முந்தானையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள்.

“இவருக்கு வலி சுத்தமா விட்டுருச்சும்மா. மிச்சம் இருக்கு. வேற யாருக்காச்சும் ஆகும்.”

யோகம்மாவின் புளிக்கை பழக்கத்தில் தானாக நீண்டது. அதற்குள் அருந்ததி உள்ளேயிருந்து வந்து பொட்டலத்தை வாங்கினாள். வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று. உள்ளே போய் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்தாள். பொட்டலத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் பழனியப்பன் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு, மாத்திரை தீரும்வரை காலையும் மாலையும் இங்கே வந்து தன் முன்னால் விழுங்க வேண்டும் என்று சொல்லி, பொட்டலத்தை மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

எதிர் வீட்டு வாசலில் ருக்குமணி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யோகம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சந்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

“கண்டியளே பிள்ளை, என்ர மகள் மருந்து குடுக்கிறா.”