கரைக்காற்றுக்கு எதிரே

மாசி மாதத்துக் காலை ஏழு மணிக்கே ராமசுப்பிரமணியன் மனைவி அபிராமியுடன் கல்கிசைக் கடற்கரைக்கு வந்துவிட்டார். மணலில் கிடந்த கயாக் படகுகளைச் சுற்றிப் பார்த்தார். தலையிலிருந்து கணுக்கால் வரை மூடிய கறுப்பு நீச்சலுடையில் லைஃப் ஜாக்கெட்டுகளின் வார்களை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம், கடலுக்குக் கூட்டிப்போகிறவர் எப்போது வருவார் என்று கேட்டார்.

"வந்தாச்சு சேர். நான்தான், றுஷ்னா."

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். உயிர்காப்புப் பரீட்சையில் தேறி, நான்கு வருடங்களாக வெளியூர்க்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிறாள். தொடக்கத்தில் அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். இப்போது பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த வாரைப் பிடித்து இழுப்பாள்.

கொட்டாஞ்சேனையில் நடந்த உறவுக்காரர் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து வந்தவர்கள் அவர்கள். கேரளத்துக் காயல்களில் பலமுறை துடுப்புப் போட்டிருப்பதாக ராமசுப்பிரமணியன் சொன்னார். மனைவிக்கு நீச்சல் தெரியாது, அவள் கரையிலேயே இருப்பாள் என்றும் சொன்னார். ஆனால் அபிராமியின் பார்வை இருவர் உட்காரும் செம்மஞ்சள் கயாக்கை விட்டு நகரவில்லை. றுஷ்னா அதைக் கண்டுகொண்டாள்.

"ஏறிப் பாக்கிறீங்களா அக்கா? ஜாக்கெட் மிதக்க வைக்கும். பின்னால நான் இருப்பன்."

அபிராமி கணவரிடம் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினாள்.

புறப்படும் முன் றுஷ்னா ஒன்றை இரண்டு தடவை சொன்னாள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுகிறது, அதனால் கடலுக்குள் தெரியும் பாறைத்திட்டைத் தாண்டக் கூடாது. ராமசுப்பிரமணியன் தலையாட்டினார். அவளுடைய தொழில் பங்காளி நிஸாம் கரையில் நின்று படகுகளைத் தள்ளிவிட்டான்.

முதல் அரைமணி நேரம் நன்றாகவே போனது. அபிராமியின் துடுப்பு முதலில் தண்ணீரைத் தட்டியது, பிறகு வெட்டியது, பிறகு இழுக்கத் தொடங்கியது. கடலோரப் பாதையில் கோட்டை நிலையத்துப் பக்கம் போன ரயிலைப் பார்த்து அவள் கையசைத்தபோது, றுஷ்னா தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். ராமசுப்பிரமணியனின் நீலக் கயாக் பாறைத்திட்டுக்கு அப்பால் போயிருந்தது.

விசில் ஊதினாள். அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு மேலும் போனார். காற்று அவரை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த வேகமெல்லாம் தன் தோள்பலம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். திரும்ப நினைத்தபோதுதான் படகு அசையாமல் நின்றது. பக்கவாட்டில் வந்த அலையொன்று அதைக் கவிழ்த்தது.

றுஷ்னா தொலைபேசியில் நிஸாமைக் கூப்பிட்டாள். மோட்டார்ப் படகொன்று கிடைத்து வர ஒன்றரை மணி நேரமாகும் என்றான். அபிராமியைக் கரையில் விட்டுவிட்டுப் போனால் அதற்குள் அவர் இன்னும் தூரம் அடித்துச் செல்லப்படுவார். தனியாக இந்தப் பெரிய படகை வலித்துப் போய், அவரையும் இழுத்துக்கொண்டு காற்றுக்கு எதிரே வருவது நடக்காது. கணக்கு அவளுக்குத் தெளிவாக இருந்தது. ஆனால் அதில் பாதி இன்னொருத்தியின் கையில் இருந்தது.

"அக்கா, சேர் ஜாக்கெட் போட்டிருக்கிறார், தாழ மாட்டார். ஆனா இப்பவே போகோணும். நீங்களும் துடுப்புப் போட்டாத்தான் நாங்க மூணு பேரும் திரும்பி வரலாம். ஏலுமா?"

அபிராமி துடுப்பை இறுக்கிப் பிடித்தாள். "எண்ணிச் சொல்லுங்க. நான் போடறேன்."

றுஷ்னா எண்ணினாள். ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. போகும் வழியில் காற்று அவர்களுக்கும் துணையாக இருந்தது. பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ராமசுப்பிரமணியன் கவிழ்ந்த படகை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. மனைவியைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கதைக்க வாணாம் சேர். நான் சொல்றத மட்டும் செய்யுங்க," என்றாள் றுஷ்னா.

கயாக்கை நிமிர்த்தி இரு படகுகளையும் ஒட்டிப் பிடித்தாள். தண்ணீரில் கால்களை உதைத்து, படகில் வயிறு படும்படி குறுக்கே விழுந்து, பிறகு புரண்டு உட்கார அவரிடம் சொன்னாள். இரண்டு தடவை வழுக்கினார். மூன்றாம் தடவை அபிராமி அவருடைய ஜாக்கெட்டின் தோள்வாரைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தாள். ஏறிவிட்டார். துடுப்பு அலையோடு போயிருந்தது.

றுஷ்னா அவருடைய படகைக் கயிற்றால் தன் படகின் பின்னால் கட்டினாள். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமல், கிட்ட இருந்த தெஹிவளைப் பக்கக் கரையைக் குறிவைத்தாள்; அங்கே வரும்படி நிஸாமுக்குத் தொலைபேசியில் சொன்னாள். இப்போது காற்று முகத்தில் அறைந்தது. நான்கு தடவை துடுப்புப் போட்டால் ஒரு முழம் நகர்ந்ததுபோல் இருந்தது. கரைக் கட்டடங்கள் அப்படியே நின்றன. றுஷ்னாவுக்கு மூச்சு வாங்கி, எண்ணும் குரல் தேய்ந்தபோது, முன்னாலிருந்து அபிராமி எண்ணத் தொடங்கினாள். சத்தமாக, பிசகாமல் எண்ணினாள். றுஷ்னா அந்தக் குரலுக்குத் துடுப்புப் போட்டாள். நான்கு வருடத்தில் அவள் யாருடைய எண்ணிக்கைக்கும் இப்படித் துடுப்புப் போட்டதில்லை. மனம் சட்டென்று லேசானது.

கரை நெருங்க நெருங்கக் காற்று தணிந்தது. முக்கால் மணி நேரத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே மணலைத் தொட்டார்கள். நிஸாம் ஓட்டோவில் வந்து காத்திருந்தான். வரவிருந்த மோட்டார்ப் படகை வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொல்லி, தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

ராமசுப்பிரமணியன் பாதிப் போத்தலைக் குடித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். பிறகு, தப்பு தன் மேல்தான், சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்றார்.

"ஓம் சேர், கேட்டிருக்கோணும்," என்றாள் றுஷ்னா. அதை அவள் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. "ஆனா படகை விட்டுட்டு நீந்தப் பாக்கல்ல. அதாலதான் உங்கள லேசாக் கண்டுபிடிச்சம்."

அபிராமி தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டிலும் கொப்புளம். நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டாள்.

மறுநாள் காற்று அடங்கட்டும் என்று றுஷ்னா ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். இருவருமே வந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஆளுக்கொரு கயாக் கொடுத்து, வேண்டுமென்றே கவிழவும் திரும்ப ஏறவும் பழக்கினாள். அபிராமி முதல் தடவை உப்புநீர் குடித்தாள். இரண்டாம் தடவை சிரித்தாள். மூன்றாம் தடவை யாரும் கைகொடுக்காமலே ஏறி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அவள் கணவர் நாலாவது தடவையும் வழுக்கி விழுந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, எப்படி ஏறினாய் என்று அவளிடம் கேட்டார்.