நாலாவது திருகு

தாழ்ப்பாளின் மூன்று திருகுகள் கழன்றுவிட்டன. நாலாவது அசைய மாட்டேன் என்றது. திருப்புளியை அழுத்தினால் விரிசல் விட்ட பலகையும் கூடவே உள்வாங்கியது. அவர் நாற்பது வருஷமாகப் பூட்டுக்கடை வைத்திருப்பவர். தன் கையால் முடுக்கிய திருகு தன்னிடமே வீம்பு காட்டுகிறது.

முன்னறையில் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். மகன் சமையலறைக்குள் வந்தான்.

"என்னப்பா, இப்பப் போய் கதவ நோண்டிக்கிட்டு? எல்லாரும் உங்களத் தேடுறாங்க."

"தேடட்டும். நான் எங்க ஓடிடப் போறேன்."

"பின்னறைக்காரன இன்னிக்கே கிளம்பச் சொல்லுங்க. பலகைய எப்படி உடைச்சிருக்கான் பாருங்க. அம்மா விழுந்து கிடக்கையில உள்ள வரப் பாத்திருக்கான். எதுக்கு?"

பூட்டுக்காரர் திருப்புளியை மறுபடி திருகில் பொருத்தினார்.

பின்னறைக்காரன் சண்டை நடக்கும் நாட்டிலிருந்து தப்பி வந்தவன். அடைக்கலம் கேட்டு மனுப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் கேட்கப் போனால் அடுத்த ஜன்னலுக்குப் போ என்கிறார்கள். அப்போது அறையைக் கொடுத்தது மனைவி. அன்றைக்கே நடுக்கதவில், சமையலறைப் பக்கமாகத் தாழ்ப்பாள் அடித்தது இவர்.

"இடத்தக் கொடுத்தா மடத்தப் பிடுங்குவான்," என்றார் அப்போது.

"வான்னு கூப்பிட்டுட்டு கதவச் சாத்துற ஆளு நீங்க ஒருத்தர்தான்," என்று அவள் சிரித்தாள். ஆனாலும் அவனுக்குத் தட்டை நீட்டியதும் மறுபடி தாழ் போட்டுவிடுவாள். மாலையில் வந்து இவர் தொட்டுப் பார்ப்பார் என்று தெரியும்.

நேற்று அவள் விழுந்த சத்தம் கேட்டு அவன் இந்தக் கதவை இடித்திருக்கிறான். வெளியே சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடியிருக்கிறான், அங்கே மூன்று பூட்டு. பிறகு செருப்பில்லாமல் கடைக்கு ஓடி வந்தான். இவர் வந்து மூன்றையும் திறந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"உடைக்கத்தாண்டா பாத்தான். உடையல. நான் போட்ட தாழ்ப்பாள்."

மகன் தாழ்ப்பாளைப் பார்த்தான். பிறகு முன்னறைக்குப் போய்விட்டான்.

திருப்புளி வழுக்கிக் கட்டைவிரலைக் கீறியது. "சனியனே," என்று பல்லைக் கடித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் காலடி வந்து நின்றது.

எட்டு மாதத்தில் இவராக அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தம்பி, பலகை உள்ள போகுது. அந்தப் பக்கம் அழுத்திப் பிடி."

விரிசல் வழியே துணி சுற்றிய விரல்கள் தெரிந்தன. பலகை நின்றது. திருகு சுற்றியது.