அறுபத்திரண்டாவது ஈ

பறை ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்தபோதே, தெருமுனைக்கு நடையைக் கட்டிய சித்தப்பாவின் சட்டையை இலக்கியா பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"கொள்ளிச் சட்டிய நீங்கதான் தூக்கணும், சித்தப்பா. எங்களுக்கு வேற யாரு இருக்கா?"

"என்னால ஆவாது," என்றார் வேடியப்பன். "நேத்து ரோஷத்த வுட்டுட்டு சாத்துக்குடி வாங்கிக்கினு வந்தேன். உங்கப்பன் இன்னா பண்ணான்? வாசல்ல நிக்கறவனப் பாத்து நாக்க நீட்டிப் பழிப்பு காட்றான்! இப்ப நான் போயி கொள்ளி வெக்கணுமா?"

அண்ணன் தம்பி இருவரும் எதிலும் தோற்கச் சம்மதிக்காத பிறவிகள். மூட்டை தூக்குவதில் போட்டி, பரோட்டா தின்பதில் போட்டி. ஐந்து வருடத்துக்கு முன் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் யார் முதலில் அக்கரை தொட்டது என்ற தகராறில் பேச்சு நின்றது. ஆற்றில் அன்று முழங்கால் அளவுதான் தண்ணீர்.

போன சித்திரையில் இலக்கியாவின் அப்பா பொன்னுரங்கத்துக்குப் பக்கவாதம் வந்தது. கை காலோடு நாக்கும் சேர்ந்து படுத்துக்கொண்டது. நாக்குக்குப் பயிற்சி கொடுக்க வந்த விஜயலட்சுமி மேடம் இலக்கியாவின் செல்போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். ஈ பறக்கும் பக்கம் பார்த்து நாம் நாக்கை நீட்டினால், திரையில் இருக்கும் தவளையும் நீட்டி அதைப் பிடித்துவிடும். மூன்று ஈ தப்பினால் ஆட்டம் முடிந்தது. பயிற்சி என்று மட்டும் சொல்லியிருந்தால் மனிதர் அரை நாளில் விட்டிருப்பார். ஆட்டம் என்றதும் வெறி பிடித்துவிட்டது. விடிந்தால் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்ததும் ஆசையாகத் திரும்பினார். நீட்டிய நாக்கு சட்டென்று உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் மறுபடி இழுத்துக்கொண்டு உயிர் போய்விட்டது. அப்பா கடைசியாகப் பழிப்புக் காட்டினார் என்று ஊர் பேசும் என்பதை நினைக்க இலக்கியாவுக்குத் தாங்கவில்லை. போனைத் திறந்து சித்தப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்பா நேத்து ஆடிக்கிட்டு இருந்தது இதத்தான். நீங்களே பாருங்க. நாக்க நீட்டுங்க."

வேடியப்பன் சந்தேகத்தோடு நீட்டினார். ஒன்பதாவது ஈயோடு ஆட்டம் முடிந்தது.

"அவன் எத்தினி புடிச்சான்?"

"அறுவத்தி ரெண்டு."

"சும்மா சொல்லாத. வாத நாக்கு அத்தினி புடிக்குமா?"

பந்தலுக்குத் திரும்பி வந்து, பிணத்துக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுபடி ஆடினார். இருபத்தேழு. இன்னொரு முறை. நாற்பது. மாலையோடு உள்ளே வந்த ஒரு அம்மாள், "ஐயோ, தம்பிக்காரனுக்கும் இழுத்துக்கிச்சே!" என்று மாலையைக் கீழே போட்டாள். பறைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

தலைமாட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த மகேஸ்வரி மூக்கைச் சிந்திவிட்டு, "மேல வர்ற ஈயத்தான் வுட்டுடுவீங்க, பாத்துக்குங்க. அவரும் அதுலதான் தோப்பாரு," என்று கொழுந்தனுக்குச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

கல்வராயன் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் முனகினார்கள். வேடியப்பன் காதில் எதுவும் விழவில்லை. ஐம்பது. ஐம்பத்தைந்து. கண்ணிலிருந்து வழிந்த நீர் தாடைக்கு இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. அதற்குள் இரண்டு ஈ தப்பியிருந்தன.

"அறுவத்தி ஒண்ணு," என்றாள் இலக்கியா. "இன்னும் ஒண்ணு புடிச்சா சமம், சித்தப்பா."

அடுத்த ஈ மேலே வந்தது. அவசரமே இல்லாமல் தவளையின் மூக்குக்கு நேராக வந்து நின்றது. சின்னப் பிள்ளைகூடப் பிடித்திருக்கும்.

வேடியப்பன் அண்ணனை ஒரு தடவை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

ஈ பறந்து போயிற்று. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து சட்டையைக் கழற்றினார்.

"சட்டி எங்க வெச்சிருக்கீங்க?" என்றார்.