நாலு பல்லும் பதினோரு வாரமும்

என் தம்பிக்கு நாற்பத்தொரு வயது. பொய்ப்பல் செய்வது தொழில். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவன் அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் பல் பதித்து, கடைசியில் செட்டாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டின் கீழறைதான் அவன் பட்டறை. மாடியில் நான். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலை எனக்கு. தம்பி கைதேர்ந்தவன் என்று நானே பத்துப் பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் செய்த செட் ஒன்றை டாக்டர் திருப்பிக் கொடுத்தார். நோயாளியும் நர்ஸும் பார்த்துக்கொண்டிருக்க, "இது குதிரைக்குத்தான் சரியா இருக்கும்" என்றாராம். அவ்வளவுதான், ஐயாவுக்கு மனசு உடைந்துவிட்டது. முதலில் வேலை தாமதமானது. கடைசி இரண்டு மாதம் அடியோடு நின்றது.

ஒரேயடியாகப் படுத்துக் கிடந்திருந்தாலாவது மதித்திருப்பேன். இவன் வேலை செய்யப் போகிறவனைப் போல நாள் முழுக்கப் பரபரத்தான். கத்திகளைத் துடைத்து அளவுவாரியாக அடுக்கினான். மறுநாள் அதையே கைப்பிடியின் நிறவாரியாக அடுக்கினான். மேசை வெளிச்சத்துக்கு நேராக இல்லை என்று திருப்பிப் போட்டான்; கண் கூசுகிறது என்று மறுபடி திருப்பினான். சோம்பலை வெல்வது எப்படி என்று போனில் ஒருவன் பேசுவதைத் தினமும் இரண்டு மணி நேரம் படுத்துக்கொண்டே கேட்டான். அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி, கோடு கிழித்து, ஐந்தரைக்கு எழுவது, ஆறுக்கு உடற்பயிற்சி, ஏழுக்குப் பட்டறை என்று அழகான கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினான். ஒட்டிய களைப்பில் பத்து மணி வரை தூங்கினான்.

"அக்கா, திங்கட்கெழமைலேர்ந்து பாரு" என்பான். எத்தனை திங்கட்கிழமைகளை அந்த வீடு பார்த்தது என்று எனக்குக் கணக்கில்லை.

அலமாரியில் எட்டு அச்சுகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகக் காத்திருந்தன. டாக்டரும் லேசுப்பட்டவரல்ல. நோயாளிகள் நச்சரித்தால், "செய்யிறவர் நம்பர் தரேன், நீங்களே கேளுங்க" என்று எங்கள் வீட்டு நம்பரைக் கொடுத்துக் கைகழுவிவிடுவார். போன் அடித்தால் தம்பி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். எடுப்பது நான்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். கைக்குட்டையால் வாயை மூடியிருந்தாள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவள். பேருந்து சட்டென்று பிரேக் போட்டதில் முன் கம்பியில் மோதி, மேல் வரிசையில் முன்பற்கள் நான்கும் போய்விட்டன. பேசினால் பாதிச் சொல் காற்றாகப் போகிறது. அதனால் அவளை மைக்கிலிருந்து எடுத்து, பயணிகள் விட்டுச்சென்ற பொருள்களை வைக்கும் அறையில் போட்டுவிட்டார்களாம்.

"பதினோரு வாரமா குடைக்கும் டிஃபன் பாக்ஸுக்கும் காவல் இருக்கேன்" என்றாள். "மெழுகு இன்னும் இறுகலன்னு போன்ல சொன்னது யாரு?"

"நான்தான்."

"அதுக்கு முந்தி, சாமான் வரலன்னு?"

"அதுவும் நான்தான்."

"வீட்ல யாருக்கோ காய்ச்சல்னு?"

தலையாட்டினேன். அவள் கைக்குட்டையை இறக்கிவிட்டு, என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"அவர் சோம்பேறின்னு நெனச்சு வந்தேன். அவருக்கு வேலைக்கு ஆள் வேற இருக்கு போல."

எட்டு மாதமாக அவனை ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பார்வை என் பக்கம் திரும்பியபோதுதான் அது எப்படிச் சுடும் என்று தெரிந்தது. சலவைப் பிரிவில் ஒரு போர்வை குறைந்தாலும் ஆளைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்கிறவள், வீட்டில் ஒரு சோம்பேறிக்குப் பொய்க்காரியாக இருந்திருக்கிறேன். அன்றைக்கு வேலைக்கு விடுப்புச் சொன்னேன். அவளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

தம்பி தரையில் உட்கார்ந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

"இவங்க பல்லு எங்கடா?" என்றேன்.

"முக்காவாசி முடிஞ்சிருச்சுக்கா. பாலிஷ்தான் பாக்கி."

"எடு, பாப்போம்."

எழுந்தான். அலமாரியைத் திறந்தான், மூடினான். இன்னொன்றைத் திறந்தான். கழுத்தில் வேர்வை வழிந்தது. கடைசியில் மேசைக்கடியில் குனிந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே மாவில் வார்த்த அவளுடைய தாடை மூன்று துண்டாகக் கிடந்தது.

"வார்த்த அன்னைக்கே கைதவறிக் கீழ விழுந்துருச்சு" என்றான். "மறுபடி அச்சு வேணும். டாக்டர்கிட்ட போய்க் கேக்கணும்…"

"கேக்கணும், அப்புறம்?" என்றாள் அவள்.

"கேக்கல."

"அச்செடுக்க எவ்வளவு நேரமாகும்?"

"அஞ்சு நிமிஷம்."

அவள் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்க ஆரம்பித்தாள். பல்லில்லாத வாயை மறைக்காமல் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது. "நான் என்னவோ நெனச்சேன். நோய் கீய் இருக்கும், மனுஷன் எதையோ தாங்க முடியாம கெடக்கறார்னு. அஞ்சு நிமிஷமா? இதுக்கா?"

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுவரில் அவன் எழுதி ஒட்டிய அட்டவணை இருந்தது. அவள் அதைப் படித்தாள். "கையெழுத்து அருமை" என்றாள். பிறகு, "செருப்ப மாட்டுங்க சார்."

"நாளைக்கு நானே…"

"செருப்பு."

மூவரும் டாக்டரிடம் போனோம். வழியெல்லாம் தம்பியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எட்டு மாதமாக அந்த வாசலை மிதிக்காதவன். உள்ளே நுழைந்ததும் பேச்சு வராமல் தடுமாறி, கடைசியில், "நீங்க அன்னைக்குச் சொன்னதுல… குதிரைக்குன்னு…" என்று இழுத்தான்.

டாக்டர் ஒருவரின் வாய்க்குள் கையை விட்டபடி திரும்பிப் பார்த்தார். "எந்தக் குதிரை?"

"என் செட்டச் சொன்னீங்களே சார். எல்லார் முன்னாடியும்."

"நானா? என்னப்பா சொன்னேன்? ஞாபகமில்லையே. இப்ப அச்சு எதாவது எடுக்கணுமா, சீக்கிரம் சொல்லு, ஏழு பேர் வெயிட் பண்றாங்க."

எட்டு மாதம் நெஞ்சில் வைத்துப் பாலூட்டி வளர்த்த அவமானம். சொன்னவனுக்கு அது நினைவில்கூட இல்லை. என் தம்பியின் முகத்தை அப்போது பார்த்தேன். பாவமாக இருந்ததென்று சொன்னால் பொய். எரிச்சலாக இருந்தது. டாக்டர் மேலும் எரிச்சல்தான். ஒரு மனிதனைக் கூட்டத்தில் கூனிக்குறுக வைத்துவிட்டு, அதை மறக்கும் சொகுசு அவருக்கு இருந்தது.

அச்செடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று மதியமே அவன் மாவு குழைத்தான். அவள் முக்காலியை விட்டு நகரவில்லை. "இங்க இருந்தா எனக்குக் கை ஓடாது" என்றான். "இல்லாதப்ப ஓடிச்சா?" என்றாள். அவன் மெழுகை உருக்கினான். பல் நிறம் பார்க்கும் சீப்பு போன்ற பட்டையை அவள் முகத்தருகே பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். தப்பாக எடுத்தான். சட்டென்று தானே வைத்துவிட்டு வேறொன்று எடுத்தான். அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நான்காம் நாள் செட் தயார். மாட்டிப் பார்த்தால் உயரம். வாயை மூட முடியவில்லை. தம்பி கையிலிருந்த கருவியை மேசையில் போட்டான். "நான் சொல்லல? என் கை போயிருச்சு. வேற ஆள்கிட்ட குடுத்துருங்க" என்று மூலையிலிருந்த கட்டிலைப் பார்த்தான். பழைய படம் மறுபடி ஓடப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் செட்டைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். "உயரமா இருந்தா தேய்க்கணும். இதுல அழறதுக்கு என்ன இருக்கு?"

பல் எங்கே இடிக்கிறதென்று தெரிய, அவன் நீலத் தாளைக் கடிக்கக் கொடுத்தான். நீலம் பட்ட இடத்தைத் தேய்த்தான். மறுபடி கடிக்கக் கொடுத்தான். பத்துப் பன்னிரண்டு முறை இருக்கும். அவள் ஒவ்வொரு முறையும் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்தாள்: தடம் எண் முப்பத்து நான்கு இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். முதலில் 'த' வழுக்கியது. பிறகு 'ச'வில் விசில் வந்தது. கடைசியில் அறை முழுக்க ஒரு குரல் எழுந்தது, கனமாக, சொல்லெல்லாம் தெளிவாக. தம்பி தேய்க்கும் கருவியைக் கீழே வைத்தான். அந்தக் குரலைத்தான் பதினோரு வாரம் குடைகளோடு பூட்டி வைத்திருந்திருக்கிறான்.

அவள் நன்றி சொல்லவில்லை. "மீதி எட்டுப் பேரும் என்ன மாதிரி வந்து உக்கார மாட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் போன் அடித்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். உள்ளிருந்து கேட்டது: "ஆமாங்க, நான்தான். இல்லங்க, இன்னும் தொடல. தப்பு என்மேலதான்." திட்டு விழுந்திருக்க வேண்டும், நெடுநேரம் 'ம்' மட்டும் கொட்டினான்.

அந்த வாரம் காத்திருந்த ஒவ்வொருவரையும் அவனே போனில் கூப்பிட்டான். மூன்று பேர் ஏற்கெனவே வேறு இடத்தில் செய்துகொண்டுவிட்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் வீட்டில் மகள் எடுத்தாள்.

"அப்பா போன மாசம் தவறிட்டார். கடைசி வரைக்கும் கஞ்சிதான். பல்லு வந்துருச்சான்னு தெனம் கேப்பார்."

தம்பி போனைப் பிடித்தபடியே நின்றான். அவள் வைத்த பிறகும் வைக்கவில்லை. இதற்கும் படுத்துவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். படுத்திருந்தால் அந்தக் கட்டிலைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். அவன் அலமாரியிலிருந்து தபால்காரரின் அச்சை எடுத்து, துணியில் சுற்றித் தனியாக வைத்தான். அடுத்திருந்ததை எடுத்து மேசையில் வைத்து விளக்கைப் போட்டான்.

அதற்காக அவனைப் பாராட்ட எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. மாவு தீர்ந்துபோனது என்றான். நான் போய் வாங்கி வந்தேன்.