சித்தி பெயரில் வந்த ஆதரவு

சித்தியின் சலவைக் கடை இருக்கும் சாலையில் பஸ்ஸுக்குத் தனித் தடம் போடப்போவதாக நகராட்சி அறிவித்தது. அந்தத் தடத்தில் சைக்கிளும் போகலாம். அதற்காகக் கடைகளுக்கு முன்னால் இருக்கிற பார்க்கிங்கை எடுத்துவிடுவார்கள். எங்கள் சைக்கிள் குழுவில் யாருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதே சாலையில் இரண்டு தடவை விழுந்து முட்டி பெயர்ந்தவள் நான், எனக்குக் கேட்கவே வேண்டாம்.

இணையத்தில் மக்கள் கருத்து கேட்டிருந்தார்கள். ஒரு போன் நம்பருக்கு ஒரு கருத்து.

"இருநூறு ஆதரவு வேணும். இல்லைன்னா கடைக்காரங்க சத்தம்தான் கேக்கும்," என்றார் குழுத் தலைவர். டீ குடிக்கும்போதும் கழற்றமாட்டார் என்பதால் அவருக்கு 'ஹெல்மெட்' என்றே பெயர். நூற்று எண்பத்தொன்றில் நின்றுவிட்டது. மிச்சம் பத்தொன்பது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

பெரியப்பா, மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று வரிசையாகப் போன் போட்டேன். "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க." சொன்னார்கள். கடைசியாகச் சித்தி. இஸ்திரி மேசையின் நீராவிச் சத்தத்துக்கு நடுவே ஆறு எண்ணையும் இரண்டு முறை சொன்னாள். "சரியா கேட்டுச்சாடி?"

அவள் கடை வாசலில் தினமும் வேன் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அப்போது அவள் எனக்குப் பத்தொன்பதாவது நம்பர், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை நூலக மாடியில் நகராட்சியின் கருத்துக்கேட்புக் கூட்டம். சித்தி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ச்சி.

"நீயும் வந்திருக்கியா? நல்லதாப் போச்சு. நான் எந்திரிச்சுப் பேசப்போறேன். உளறினா காலை மிதிச்சிடு."

என் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

சித்தி எழுந்து தன் போன் நம்பரைச் சொன்னதும் அதிகாரி அம்மா லேப்டாப்பைப் பார்த்தார். "உங்க நம்பர்ல ஏற்கெனவே ஆதரவு வந்திருக்கேம்மா. 'நான் தினமும் சைக்கிளில் செல்பவள். என் கடை முன் பார்க்கிங் தேவையில்லை.'"

"யாரு, நானா? நின்னுட்டிருக்கிற சைக்கிள்ல உக்காந்தாலே விழுந்துடுவேன்!"

அறை முழுவதும் சிரிப்பு. அதிகாரி சிரிக்கவில்லை. "யாருக்காவது ஓடிபி சொன்னீங்களா?"

சித்தி வாயைத் திறந்தாள். என் பக்கம் திரும்பினாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, வாயை மூடிக்கொண்டாள்.

"இல்லைங்க. நானே எதையாவது தப்பா அழுத்தியிருப்பேன்."

"அப்படின்னா இது உங்க கருத்துதான். எதிர்ப்பா பேச நேரம் தர முடியாதும்மா."

"பரவால்லைங்க," என்று சித்தி உட்கார்ந்தாள். கடையைப் பூட்டிவிட்டு வந்தவள். புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

எழுந்தேன். "நான்தான் போட்டேன். அவங்களுக்குத் தெரியாது."

"இது ஒண்ணுதானா?"

"பத்தொன்பது."

"மொத்த இருநூறையும் நாறடிச்சிட்டியேம்மா," என்று ஹெல்மெட் பல்லைக் கடித்தார். இருநூறையும் மறுபடி சரிபார்க்கப்போவதாக அதிகாரி சொன்னார். சித்திக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள்.

"பஸ் வரட்டும்ங்க. நானே பஸ்ல வர்றவதான். ஆனா ஆஸ்பத்திரிப் போர்வை மூட்டை ஒவ்வொண்ணும் ஒரு ஆள் கனம். தெருக்கோடியிலேர்ந்து தூக்கிட்டு வர இடுப்பு இல்லை. காலையில அரை மணி நேரம் வேன் நிக்க விடுங்க, போதும்."

அதிகாரி எழுதிக்கொண்டார். தடத்தின் அகலத்தை அங்குலக் கணக்கில் சொல்லத் தெரிந்த எனக்கு இந்த அரை மணி நேரம் தோன்றவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

பத்தொன்பது வாபஸ் படிவங்களை என் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் உரியவர் கையெழுத்து வேண்டும். சித்தி மாடிப்படிக் கைப்பிடிச் சுவரிலேயே வைத்துத் தன்னுடையதைப் போட்டுக் கொடுத்தாள்.

"அடுத்து யாரு?"

"பெரியப்பா."

"கத்துவாரு. கத்தட்டும். எதிர்த்துப் பேசாதே."

பெரியப்பா கத்தவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு படிவத்தை இரண்டு தடவை படித்தார். "என் பேர்ல என்னன்னு எழுதினே?"

"தினமும் சைக்கிள் ஓட்டுறீங்கன்னு."

முழங்கால் வலிக்காகப் பெல்ட் போட்டிருந்த காலைப் பார்த்துக்கொண்டார். உள்ளே குரல் கொடுத்தார். "இங்க வா, நான் தினமும் சைக்கிள் ஓட்டுறேனாம்."

பெரியம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பெரியப்பா சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். நான் நீட்டிய கையில் தராமல், காகிதத்தை மேசையின்மேல் வைத்தார்.