மாட்டியவர் எடுக்கும் தகடு

பழைய ரயிலுக்கு உயிர் கொடுக்கிறோம் என்று ஞாயிறுதோறும் கொட்டகைக்குப் போகிற பன்னிரண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது, மேலதிகாரி கிடையாது. ஒரு சட்டம் மட்டும் கறார். பெட்டிக்கு அடியில் நுழைகிறவர் தன் பெயர் எழுதிய சிவப்புத் தகட்டைப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். தகடு தொங்கும்வரை பெட்டியை அசைக்கக் கூடாது. மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். வேறு எவர் கையும் படக் கூடாது.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் தச்சர். அவர் சேர்த்துவிட்ட தங்கை கணவருக்கு மறதி ஜாஸ்தி. ஒரு ஞாயிறு தகட்டைத் தொங்கவிட்டபடியே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைத் தேடிப்பிடித்துக் கூட்டி வருவதற்குள் பாதி நாள் போயிற்று. எல்லாரும் தச்சரைத்தான் முறைத்தார்கள். மாப்பிள்ளையைச் சேர்த்துவிட்டவர் அவர்தானே.

அடுத்த ஞாயிறு மதியம் சாப்பிட மாப்பிள்ளை வரவில்லை. கைப்பிடியில் தகடு மட்டும் தொங்கியது. மறுபடியும் மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டார் என்று தச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குனிந்து பார்க்கவில்லை. ஒரு குரல் கொடுக்கவும் இல்லை. மானம் போகிறதே என்று, யார் கண்ணிலும் படுமுன் தகட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பத்து நிமிஷத்தில் எஞ்சின் வந்து பெட்டியைத் தள்ளியது. ஒரு முழம்தான் நகர்ந்தது. பிரேக் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டு அடியில் கிடந்தவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

கைப்பிடியில் தகடு இல்லாததால், மறந்துபோய் மாட்டாமல் நுழைந்திருக்கிறார் என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். தச்சர் வாயைத் திறக்கவில்லை. இதைக் கோழைத்தனம் என்றால் கோழைகளே கோபித்துக்கொள்வார்கள்.

மூன்று மாதம் தினமும் தங்கை வீட்டுக்குப் போனார். கட்டில் காலைச் சரிசெய்தார், வாசல் கதவுக்குப் புதுக் கைப்பிடி போட்டார். படத்திலிருக்கும் புருஷனைத் திட்டிக்கொண்டே அவள் காபி கொடுப்பாள். அந்தத் திட்டெல்லாம் தனக்குச் சேரவேண்டியவை என்று தெரிந்துகொண்டே குடித்தார்.

ரயிலின் முதல் ஓட்டத்துக்கு முந்தின நாள் அவள் சொன்னாள்:

"அண்ணா, அவரோட தகடு வீட்ல எங்கயும் இல்ல. கொட்டகைலயும் காணோமாம். கிடைச்சா கொண்டு வந்து குடு. அவர் கையெழுத்து அதுல ஒண்ணுலதான் இருக்கு."

தகடு தச்சரின் சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் சட்டை மாற்றும்போதெல்லாம் அதுவும் கூடவே மாறிவந்தது. இனி முடியாது என்று எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மாட்டிட்டுத்தாம்மா உள்ள போனாரு. நான்தான் கழட்டிட்டேன்."

அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். "அப்ப அவர் மறக்கலயா?"

"இல்லம்மா."

"மூணு மாசமா அவரைத் திட்டித் தீர்த்தேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தே."

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர் வெளியே வந்ததும் தகட்டை வெளிப்பக்கக் கைப்பிடியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டலாம் என்று தச்சர் கையைத் தூக்கினார். தகடு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கையை இறக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்.