பேயாண்டியின் பெயர் கலைந்த விவரம்

உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒத்தப்புளிப்பட்டியில், இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து, பேயாண்டி என்பவனின் பெயர் எங்கெல்லாம் எழுதப்பட்டிருந்ததோ அங்கெல்லாம் தினமும் கோழி கூவும் நேரத்தில் எழுத்துகள் இடம் மாறிக்கொண்டன. முதலில் கண்டுபிடித்தவர் கூட்டுறவுச் சங்கத்து எழுத்தர். யூரியா வாங்கப் போன பேயாண்டி நீட்டிய ஆதார் அட்டையில் ‘ணேபயட்’ என்று இருந்தது. அவர் இரண்டு முறை வாசித்துப் பார்த்து, நாக்கு புரளாமல், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரேஷன் கார்டில் ஒரு விதமாகவும், பட்டாவில் வேறு விதமாகவும், கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தில் வெட்டியிருந்த பெயர் இன்னொரு விதமாகவும் கலைந்திருந்தது. மறுநாள் எல்லாம் புதிதாகக் கலைந்தன. வேறு எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டவை போக, மிஞ்சிய கால்களும் கொம்புகளும் புள்ளிகளும் வாசலில் உதிர்ந்து கிடந்தன. அவன் மனைவி சுந்தரம்மாள் சாணி தெளிப்பதற்கு முன் அவற்றைக் கூட்டி அள்ளி ஒரு பழைய தூக்குவாளியில் போட்டுவைத்தாள். அட்டைகளிலிருந்து விழுந்தவை கறுப்பாக, எள்ளுப் பொட்டுபோலக் கனமில்லாமல் இருந்தன. குடத்திலிருந்து விழுந்தவை பித்தளை. புளி போட்டுத் தேய்த்தால் மின்னின. புள்ளிகளைக் கோழிகள் கொத்தித் தின்றன. அதனால் கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதற்கான காரணம் மதுரையில் ஆனையூரில் இருந்தது. அங்கே ஒரு மாடி வீட்டில் குடியிருந்த ரம்யாஸ்ரீ, சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண், இருபத்தாறு வயது, ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். வேறு நிறுவனங்களின் மென்பொருளைச் சோதித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். சோதனைக்கு நிஜ மனிதர்களின் பட்டியல் வரும். சோதிப்பவர்களுக்கு நிஜப் பெயர் தெரியக் கூடாது என்பதால், ஒவ்வொரு பெயரின் எழுத்துகளையும் சீட்டுக்கட்டைக் குலுக்குவதுபோல இஷ்டத்துக்குக் கலைத்துவிட வேண்டும். அன்று அவள் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து கண் எரிந்துபோயிருந்தாள். ஒன்பது வரியில் ஒரு நிரல் எழுதி, ஆயிரம் பெயர்களை அதற்குக் கொடுத்து ஓட்டினாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பெயர்கள் திரைக்குள்ளேயே கலைந்தன. ஒன்று மட்டும் வெளியே போய்விட்டது. பட்டியலில் அந்த இடம் காலியாகக் கிடக்க, பக்கத்தில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. சின்னப் பிழை என்று அவள் குறித்துவைத்தாள். எட்டு மாதம் அந்தப் பிழை தினமும் காலையில் அவள் முன்னால் வந்து நின்றது. நிரலை நிறுத்தினாள், பிறகு அழித்தே போட்டாள். காலி இடம் காலியாகவே இருந்தது.

அந்த எட்டு மாதத்தில் பேயாண்டி உசிலம்பட்டி இ-சேவை மையத்துக்குப் பதினேழு தடவை போனான். மையத்தை நடத்திய அருள்பாண்டி மூன்று முறை பெயர்த் திருத்தம் போட்டுக் கொடுத்தான். மூன்று முறையும் அட்டை சரியாக வந்தது; மூன்று முறையும் மறுநாள் விடியலில் கலைந்தது. “நான் ஒழுங்காத்தாண்ணே போடுறேன், அது தங்க மாட்டேங்குது” என்று அவன் கும்பிடு போட்டான். தாலுகா அலுவலகத்தில் மனு கேட்டார்கள். மனுவில் எழுதிய பெயர் மேசைக்குப் போவதற்குள் ஒரு ராத்திரி ஆகிவிடும், கலைந்துவிடும். மனு யாருடையது என்று தெரியாமல் பழைய தாள்கட்டோடு சேர்ந்தது. ஊரில் முதல் மாதம் வந்து வந்து பார்த்தார்கள். அப்புறம் மழை வருமா என்பதுபோல, “இன்னைக்கு எப்படி மாமா இருக்கு?” என்று போகிற போக்கில் கேட்டார்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்யாஸ்ரீ டவுன் பஸ் பிடித்து, ஊர் விசாரித்து, தோளில் மடிக்கணினிப் பையோடு வந்து நின்றாள். “அய்யா, உங்க பேரைக் கலைச்சது நான்தான்” என்றாள். பேயாண்டி கோபப்பட வேண்டிய இடம் அது. ஆனால் ஏறி இறங்கிய படிகளிலேயே அவன் கோபம் தேய்ந்துபோயிருந்தது. “உக்காரு தாயி. வெயில்ல வந்திருக்க, தண்ணி குடி” என்றான்.

“எதுக்குக் கலைச்ச?” என்று சுந்தரம்மாள் கேட்டாள்.

“உங்க வீட்டய்யா பேரு வேற யாருக்கும் தெரியாமப் பத்திரமா இருக்கணும்னுதாம்மா.”

“இப்ப எங்களுக்கே தெரியாமப் போச்சே.”

ரம்யாஸ்ரீ மடிக்கணினியைத் திறந்தாள். திருப்பி அடுக்க முடியாதா என்று பேயாண்டி கேட்டான். “கலைக்கிறதுக்கு ஒரு வரி போதும்யா. முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு குறிச்சு வச்சிருந்தாத்தான் கணினியால திருப்பி அடுக்க முடியும். நான் குறிச்சு வைக்கல” என்றாள். அவன் சொல்லச் சொல்ல அவள் பெயரைத் தட்டிப் பார்த்தாள். தட்டத் தட்ட எழுத்துகள் நழுவின. அப்போது சுந்தரம்மாள் தூக்குவாளியைக் கொண்டுவந்து கட்டிலில் கவிழ்த்தாள். எட்டு மாதத்துக் கால்களும் கொம்புகளும் குவிந்தன. ரம்யாஸ்ரீ ஒரு கொம்பை எடுத்து வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நம் கண்ணுக்குப் ‘பே’ ஒரே எழுத்து. கணினிக்கோ ‘ப’ தனி, கொம்பு தனி. நான்கு எழுத்துப் பெயரை அவள் எட்டுத் துண்டாகக் குலுக்கியிருந்தாள். எட்டுத் துண்டு நாற்பதாயிரத்து முந்நூற்று இருபது விதமாக மாறி வரும். நாளுக்கு ஒன்று என்றால் நூற்றுப்பத்து வருடம். அவள் அங்கேயே நிரலை மறுபடி எழுதினாள். காலையும் கொம்பையும் அதனதன் எழுத்தோடு சேர்த்துக் கட்டி, கட்டுக்கட்டாக மட்டும் குலுக்கும்படி மாற்றி, பட்டியலின் அந்தக் காலி இடத்துக்கு மட்டும் ஓட்டினாள். மறுநாள் வாசலில் கொம்பு விழவில்லை. கலைவது நிற்கவில்லை என்றாலும், பெயர் இப்போது இருபத்துநான்கு விதமாகத்தான் கலைந்தது. தன்னால் ஆனது அவ்வளவுதான் என்று அவள் போனில் சொன்னபோது, அதுவே பெரிசு என்றான் பேயாண்டி. ஒவ்வொரு தாளிலும் ஏறக்குறைய மாதம் ஒருமுறை அவன் பெயர் சரியாக வந்தது. அன்று அவன் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பான்.

வைகாசியில் சுந்தரம்மாளுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போனது. கருப்பையில் கட்டி என்றார்கள். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, மூன்று மாதத்துக்குள் அறுத்து எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் தான் பொறுப்பில்லை என்று சொன்னார். காப்பீட்டில் செய்துகொள்ளலாம். அதற்குக் குடும்பத் தலைவரின் காப்பீட்டு அட்டையும் ஆதாரும் வேண்டும். இரண்டிலும் பெயர் பொருந்த வேண்டும். பேயாண்டி நீட்டினான். ஒன்றில் ‘டிபேண்யா’, மற்றதில் ‘ண்யாடிபே’. இரண்டும் பொருந்தி வரும்போது வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவன் விடியலில் எழுந்து இரண்டு அட்டைகளையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். பன்னிரண்டாம் நாள் ஆதாரில் சரியாக வந்தது, காப்பீட்டு அட்டையில் வரவில்லை. முப்பதாம் நாள் அட்டையில் வந்தது, ஆதாரில் வரவில்லை. அழகர்கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தான். திரும்பும் வழியில் ரம்யாஸ்ரீக்குப் போன் போட்டான். “ரெண்டும் ஒரே நாள்ல பேயாண்டின்னு வரணும்னா எம்புட்டு நாளாகும் தாயி?”

ரம்யாஸ்ரீ கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு, “ஐந்நூத்தி எழுபத்தாறு நாளைக்கு ஒரு தடவைங்கய்யா. அதுவும் நிச்சயம் சொல்ல முடியாது” என்றாள்.

அவன் பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்து இரண்டு பஸ்ஸை விட்டான். வீட்டில், சீக்கிரம் வந்துரும்னு அந்தப் புள்ள சொல்லுது என்றான். சுந்தரம்மாள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோறு போட்டாள். ஆடி கழிவதற்குள் அவள் சேலைக் கொசுவம் இரண்டு சுற்றுக் கூடிவிட்டது. தண்ணீர்க் குடம் தூக்குவதை நிறுத்தினாள். பேயாண்டிக்கு அட்டைகளைப் பார்ப்பதே அலுத்துப்போய், ஒரு நாள் எழுந்திருக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவற்றை எடுத்துப் பார்ப்பதைச் சுந்தரம்மாள் ஏற்றுக்கொண்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோலப்புள்ளி பார்ப்பதுபோல இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வளைவுக்கு வளைவு பார்ப்பாள்.

ஆவணி மாதம், டாக்டரம்மா சொன்ன கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கையில், அவள் அவனைத் தட்டி எழுப்பினாள். “இங்க பாருய்யா.”

அவன் பார்த்தான். ஆதாரில் ‘யாண்டிபே’ என்று இருந்தது. காப்பீட்டு அட்டையிலும் ‘யாண்டிபே’ என்று இருந்தது. “தப்பாத்தான் இருக்கு, படு” என்றான்.

“தப்பு இருக்கட்டும். ரெண்டும் ஒண்ணுபோல இருக்குல்ல?”

“இருக்கு.”

“ஆஸ்பத்திரில ஒண்ணாத்தானே இருக்கணும்னாக? சரியா இருக்கணும்னு யாரு கேட்டா? கிளம்புய்யா.”

மறுநாள் விடிந்தால் மாறிவிடும் என்பதால் அவர்கள் முதல் பஸ்ஸையே பிடித்தார்கள். பஸ்ஸில் அவள் அவன் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அவன் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் காப்பீட்டுப் பிரிவில் இருந்த வெங்கடேஷ்பாபு, அன்று காலையிலேயே நாற்பது பேரைப் பார்த்துக் களைத்திருந்தவன், அட்டைகளை வாங்கிப் பார்த்தான். “யாண்டிபே. என்னங்க பேரு இது?”

பேயாண்டி, அது என் பேரு இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஐம்பத்தாறு வருடம் சுமந்த பெயர்மேல் அந்த விசுவாசம் இருக்கத்தானே செய்யும். சுந்தரம்மாள் மேசைக்குக் கீழே அவன் கையை அழுத்திப் பிடித்தாள்.

“குலசாமி பேரு தம்பி” என்றாள்.

வெங்கடேஷ்பாபு ஆதாரைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், எழுத்து எழுத்தாக விரலை வைத்துச் சரிபார்த்தான். பொருந்தியது. கணினியில் தட்டினான். அடுத்த ஆளைக் கூப்பிட்டான். மறுநாள் இரண்டு அட்டைகளிலும் பெயர் வேறு வேறாகக் கலைந்துபோனது. ஆஸ்பத்திரிக் கணினியில் மட்டும் யாண்டிபே அப்படியே நின்றான். அந்தப் பெயர் ரம்யாஸ்ரீயின் பட்டியலில் என்றுமே இருந்ததில்லை, அதனால் கலையவில்லை.

நான்காம் நாள் கட்டியை எடுத்தார்கள். ஒரு தேங்காய் அளவு இருந்தது என்று பேயாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவன் பார்த்துவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் துண்டை விரித்து, பல மாதத்துத் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்கினான். வார்டில் சுந்தரம்மாளுக்கு மயக்கம் தெளிந்தபோது, தமிழ்வாணி என்ற நர்ஸ், நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, “அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?” என்று கேட்டாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் சுந்தரம்மாள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தில் வழக்கம் அது. ஓட்டுச்சாவடியில் கேட்டால்கூடப் பின்னால் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வாள்.

“யாண்டிபே” என்றாள்.

சொல்லிவிட்டு, தன் காதிலேயே அது எப்படி விழுகிறது என்று கேட்டாள். அப்புறம் கதவுப் பக்கம் தலையைத் திருப்பி, தையல் வலிக்க, இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். “யாண்டிபே! ஏய்யா, யாண்டிபே! தண்ணி குடுய்யா.”

வராந்தாவில் இருபது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பேயாண்டி எழுந்தான். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. டம்ளரோடு போனபோது அவன் அழுதுகொண்டிருந்ததாகத் தமிழ்வாணி சொல்கிறாள். தண்ணீர் இப்போது கூடாது, உதட்டை நனைக்கலாம் என்று அவள்தான் பஞ்சை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. சுந்தரம்மாள் தேறி, மறுபடி குடம் தூக்குகிறாள். எழுத்துகள் இன்றும் தினமும் கலைகின்றன. பட்டா, ரேஷன் கார்டு, பித்தளைக் குடம் எல்லாமே. சென்ற புரட்டாசியில் ஒரு நாள் அத்தனையிலும் ஒரே சமயத்தில் பேயாண்டி என்று வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். சோளம் விதைக்கிற நேரம் என்பதால் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. வீட்டில் அவள் அவனை யாண்டிபே என்றே கூப்பிடுகிறாள். வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி கூப்பிடுகிறாள். புருஷன் பேரைச் சொல்லலாமா என்று கேட்ட சம்பந்தகாரியிடம், அது அவுக பேரு இல்லையே, சொன்னா என்ன தப்பு என்று கேட்டிருக்கிறாள்.